முன்பக்கம் உண்மை பேசட்டும்

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

கடையில் வாங்கும் உணவுப் பொட்டலத்தின் மீது ஒரு விவரச்சீட்டு அச்சிடப்பட்டிருக்கிறது. அதை ‘லேபிள்’ என்று அனைவரும் அறிவர். அச்சீட்டு யாருக்காக எழுதப்பட்டது? அதை யார் படிக்கின்றனர்? படித்தவர்க்கு அது புரிகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

வளைவுக்கு முன் ஒரு குறி

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அது போடிமெட்டை அடைகிறது. அங்கே தேனி மாவட்டம் முடிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. கடைப் பலகைகளில் தமிழ் குறைந்து மலையாளம் மிகுகிறது. ஆனால், வளைவுக்கு முன்னால் நிற்கும் எச்சரிக்கைக் குறி மட்டும் மாறுவதில்லை. சிவப்பு முக்கோணம், அதனுள் வளைந்து திரும்பும் கறுப்பு அம்பு. தமிழ் மட்டும் அறிந்த ஓட்டுநரும் மலையாளம் மட்டும் அறிந்த ஓட்டுநரும் அதைக் கண்டவுடன் வேகத்தைக் குறைக்கின்றனர்.

வளைவின் கோணம் எத்தனை பாகை, சரிவு எவ்வளவு என்னும் கணக்குகள் பொறியாளரின் ஏட்டில் இருக்கின்றன. ஓட்டுநர்க்கு வேண்டியது அக்கணக்கு அன்று, அக்கணக்கின் முடிவு. அதுவும் வளைவைக் கடந்தபின் அன்று. வளைவுக்கு முன்னரே வேண்டும். ஓர் எச்சரிக்கை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இக்குறியே சான்று. அது முன்னால் நிற்கிறது, எளிதாகப் புரிகிறது, எல்லா மொழியினர்க்கும் பொதுவாக இருக்கிறது.

குழந்தைகள் உண்ணும் பொட்டல உணவின் விவரச்சீட்டில் இம்மூன்று பண்புகளுள் ஒன்றும் இல்லை. அது பின்பக்கத்தில் இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அறியாத மொழியில் இருக்கிறது.

ஏலக்காய்க்குக் கிடைத்த மதிப்பு

இம்மலைச்சாலையில் நாள்தோறும் காலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களில் காயெடுக்கச் செல்லும் தமிழ்ப் பெண்கள் அவற்றில் அமர்ந்திருக்கின்றனர். வேறு பல குடும்பங்கள் தோட்டத்து லயங்களிலேயே தங்கியிருக்கின்றன.

அவர்கள் பறிக்கும் ஏலக்காய் எப்படி விற்கப்படுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையங்கள் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் இயங்குகின்றன. ஏலம் கேட்கும் வணிகர், ஒவ்வொரு குவியலின் மாதிரியையும் கையில் வாங்கிப் பார்க்கிறார். காயின் நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றை ஆராய்கிறார். ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்னும் தரத்துக்குக் காய் 7 மில்லிமீட்டர் பருமனும், ஒரு லிட்டர் அளவுக்கு 435 கிராம் எடையும் உடையதாக இருத்தல் வேண்டும். தரம் அறியாமல் எவரும் விலை சொல்வதில்லை.

மாலையில் வேலை முடிந்து திரும்பும் தாய், பிள்ளைக்காக ஒரு பொட்டலம் வாங்குகிறார். அதன் நிறம் கண்ணைப் பறிக்கிறது. அதில் கேலிச்சித்திரம் ஒன்று சிரிக்கிறது. விலை பத்து ரூபாய். அவர் அறிவது இவ்வளவே. அவர் பறித்த காயின் தரத்தை வாங்குபவர் முழுமையாக அறிகிறார். அவர் வாங்கும் தின்பண்டத்தின் தரத்தை அவர் அறிவதில்லை. காய்க்குக் கிடைத்த மதிப்பு குழந்தையின் உடல்நலத்துக்குக் கிடைக்காதது முறையா என்பதே இங்கு எழும் கேள்வி.

படித்துக் காட்டும் பிள்ளை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. விவரச்சீட்டு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அதன் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வகுத்துள்ளன. அவற்றின்படி சீட்டின் விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகப் பயன்படுத்தத் தடையில்லை. ஆயினும் கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாததால், பெரும்பாலான பொட்டலங்களில் ஊட்டச்சத்து அட்டவணை தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை.

இதன் விளைவு புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் தெளிவாகத் தெரிகிறது. மும்பையிலும் தில்லியிலும் இடுக்கியிலும் பல வீடுகளில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரே. மின்கட்டண அட்டையையும் மருந்துச் சீட்டையும் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுபவரும் அப்பிள்ளையே. ஆகவே, உணவுப் பொட்டலத்தின் சீட்டையும் அப்பிள்ளைதான் படித்தாக வேண்டும். அதே பொட்டலத்தின் முன்பக்கத்தில் உள்ள கேலிச்சித்திரமும் பரிசு அறிவிப்பும் அப்பிள்ளையைக் கவரவே அச்சிடப்பட்டவை. அந்த வீட்டில் எச்சரிக்கையைப் படிக்கக்கூடியவரும் ஆசைக்கு இலக்கானவரும் ஒருவரே. பத்து வயதுப் பிள்ளையின் தோளில் இப்பொறுப்பைச் சுமத்துவது நியாயம் ஆகாது.

யாருக்கான அளவு?

பிள்ளை சீட்டைப் படித்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. சீட்டில் ‘நாள் தேவையில் இத்தனை விழுக்காடு’ என ஓர் எண் இருக்கும. அந்த எண் யாருடைய தேவையைக் கொண்டு கணக்கிடப்பட்டது? ஒழுங்குமுறைகள் அதற்கும் விடை கூறுகின்றன. நாள் ஒன்றுக்கு 2000 கிலோகலோரி ஆற்றல், 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்பவை அடிப்படை அளவுகள். இவை சராசரி வயது வந்தவருக்கு உரியவை.

குழந்தை சிறிய வடிவிலான பெரியவர் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தையின் ஆற்றல் தேவை நாளொன்றுக்கு 1360 கிலோகலோரி. 7 முதல் 9 வயது வரை 1700 கிலோகலோரி. சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல், மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று கொண்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கு 34 கிராமே உச்ச வரம்பு.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். இனிப்புப் பானம் ஒன்றில் 100 மில்லிலிட்டருக்கு 12 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ளது என்று கொள்வோம். 200 மில்லிலிட்டர்ப் பெட்டி ஒன்றைக் குடித்தால் 24 கிராம் சர்க்கரை உடலில் சேரும்; அது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி.

பெரியவர்க்கு: நாள் வரம்பில் 48 விழுக்காடு.
எட்டு வயதுக் குழந்தைக்கு: 56 விழுக்காடு.
ஐந்து வயதுக் குழந்தைக்கு: 71 விழுக்காடு.

பெட்டியில் அச்சாவது முதல் எண் மட்டுமே. பெட்டியைக் குடிப்பதோ குழந்தை. சில பெட்டிகளில் ‘ஒரு பரிமாறல் 100 மில்லிலிட்டர்’ எனக் குறித்து, அதற்கான 24 விழுக்காட்டை மட்டும் காட்டவும் இடமுண்டு. உறிஞ்சுகுழல் ஒட்டிய பெட்டியைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைக்கும் குழந்தை எங்கே இருக்கிறது?

உப்பின் கணக்கும் இத்தகையதே. சீட்டில் ‘உப்பு’ என்ற சொல் பெரும்பாலும் இராது, ‘சோடியம்’ என்றிருக்கும். சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு தெரியும். ‘சோடியம் 800 மில்லிகிராம்’ என்றால் 2 கிராம் உப்பு என்று பொருள். தேர்வில் வினாவாகக் கேட்கத்தக்க கணக்கைக் கடை வாசலில் ஒரு தாய் மனத்தால் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இன்னொரு குறையும் உண்டு. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பரப்புடைய சிறு பொட்டலங்களுக்கு ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மொத்தமாக அடைக்கும் பெரிய உறையில் அவ்விவரம் இருந்தால் போதும். இடவசதியைக் கருதினால் இவ்விலக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால், ஓரிரு ரூபாய் மிட்டாயைச் சில்லறையாக வாங்கும் பிள்ளையின் கையில் அப்பெரிய உறை வருவதில்லை. மிகக் குறைந்த காசோடு கடைக்கு வருபவர்க்கே மிகக் குறைந்த விவரம் கிடைக்கிறது.

பெயர் தந்த ஏமாற்றம்

பின்பக்கம் முணுமுணுக்கும்போது முன்பக்கம் உரக்கப் பேசுகிறது. அவ்வாறு பேசியவற்றுள் சில திருத்தப்பட்டுள்ளன. ‘ஆரோக்கிய பானம்’ என்ற ஒரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. ஆகவே போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அவ்வகையின்கீழ்க் காட்டக் கூடாது என, 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அடர்சாற்றில் நீர் கலந்து உருவாக்கிய பானங்களில் ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்று எழுதுவதை நீக்குமாறு, அதே ஆண்டு ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டது.

இவற்றினும் முதன்மையானது ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் மூன்றெழுத்தின் கதை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தையைக் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு லிட்டர்க் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோசே இருத்தல் வேண்டும். ஆனால், அதைவிடப் பல மடங்கு சர்க்கரை கொண்ட பானங்கள் அம்மூன்றெழுத்தைப் பெயரில் தாங்கி விற்கப்பட்டன. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு மேலும் கடுமையாகும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதனை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். இறுதியில் 2025 அக்டோபரில், வரையறைக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் அவ்வெழுத்துகள் இடம்பெறக் கூடாது என ஆணையம் உத்தரவிட்டது.

அப்பானங்களின் பின்பக்க அட்டவணையில் சர்க்கரையின் அளவு அச்சாகியே இருந்தது. பெற்றோர் நம்பியது முன்பக்கத்து மூன்றெழுத்தை. ஆகவே, உண்மையும் முன்பக்கத்திற்கு வந்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

விண்மீனா? எச்சரிக்கையா?

முன்பக்கத்தில் எத்தகைய குறியை இடுவது என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. 2022 செப்டம்பரில் ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. அரை விண்மீன் முதல் ஐந்து விண்மீன் வரை உணவுக்கு மதிப்பளிக்கும் முறை அது. அதன்மீது 14,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு மூன்று திங்களுக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும் எனப் பணித்தது. பின்னர் அக்காலக்கெடு நீட்டிக்கப்பட்டது.

விண்மீன் முறையில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, அம்முறையில் நாரும் புரதமும் கொட்டைப் பருப்பும் சேர்ந்தால் மதிப்பு கூடும். சர்க்கரையால் இழந்ததைப் பருப்பால் ஈடுகட்டிக்கொள்ள அது வழி தருகிறது. பருப்பு சேர்ந்ததால் சர்க்கரை குறைந்துவிடாது. இரண்டாவது, விண்மீன் குழந்தைக்குப் பாராட்டின் அடையாளம். நன்றாக எழுதிய குறிப்பேட்டில் ஆசிரியர் இடுவது அதுவே. ஒற்றை விண்மீன் பெற்ற பொட்டலத்தையும் குழந்தை ‘பரிசு பெற்ற பொட்டலம்’ என்றே கருதும்.

எச்சரிக்கைக் குறி அவ்வாறு குழப்புவதில்லை. சிலி நாடு 2016ஆம் ஆண்டு ஜூனில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. சர்க்கரை மிகுதி, உப்பு மிகுதி, நிறைவுற்ற கொழுப்பு மிகுதி, ஆற்றல் மிகுதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. முத்திரை பெற்ற பொட்டலத்தில் கேலிச்சித்திரம் இடம்பெறக் கூடாது. அப்பண்டத்தைப் பள்ளியிலும் விற்கக் கூடாது. இம்முயற்சிகளுக்குப் பின் சர்க்கரை மிகுந்த பானங்களை அந்நாட்டு மக்கள் வாங்குவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது என ஆய்வு காட்டியது. அண்டையிலுள்ள இலங்கையும் 2016 ஆகஸ்டு முதல் பானங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ணக் குறிகளால் சர்க்கரையின் அளவைக் காட்டி வருகிறது. சிங்களம் பேசும் குழந்தைக்கும் தமிழ் பேசும் குழந்தைக்கும் சிவப்பு சிவப்பே.

இந்தியாவுக்கும் இது புதிதன்று. சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளியை அறியாதவர் உண்டோ? எழுத்தறியாத பாட்டியும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து அப்புள்ளியைத் தேடுகிறார். சமய நம்பிக்கையையும் உணவு விருப்பத்தையும் மதித்து ஒரு குறியை நாடெங்கும் பரப்ப முடிந்தது என்றால், குழந்தையின் நலத்தை மதித்து இன்னொரு குறியைப் பரப்பவும் முடியும்.

மறுப்புகளும் விடைகளும்

‘வீட்டில் செய்யும் அதிரசத்திலும் முறுக்கிலும் சர்க்கரையும் உப்பும் இல்லையா? அவற்றுக்கு முத்திரை எங்கே?’ என்று சிலர் கேட்கின்றனர். வீட்டில் செய்பவர் எவ்வளவு வெல்லம் இட்டார் என்பதை அறிவார். அதிரசமும் அன்றாடம் செய்யப்படுவதில்லை. தொழிற்சாலைப் பண்டமோ நாள்தோறும் கிடைக்கிறது. அதில் இட்டது என்ன என்பதை அதைச் செய்தவர் மட்டுமே அறிவார். அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

‘சிறு தொழில் செய்வோர்க்கு இது பெருஞ்சுமை’ என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. குடிசைத் தொழிலாகச் சிப்ஸ் வறுத்து விற்போர்க்கு ஆய்வுச் செலவு கடினமே. அவர்களுக்குக் கால அவகாசமும் அரசு ஆய்வகங்களின் உதவியும் அளிக்கலாம். அவர்களைக் காரணம் காட்டிப் பெருநிறுவனங்கள் விலகி நிற்பதுதான் ஏற்கத்தக்கதன்று.

‘சீட்டு மாறினால் மட்டும் குழந்தைகள் நலம் பெறுவார்களா?’ என்னும் வினாவையும் ஒதுக்கிவிட முடியாது. விடியலில் ஜீப்பேறும் தாய்க்குச் சிற்றுண்டி செய்ய நேரம் இல்லை என்பதை எந்த முத்திரையும் மாற்றாது. அதற்குப் பள்ளி உணவும் நியாயமான கூலியும் வேண்டும். ஆனால், நேரமும் பணமும் குறைந்த தாய் அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதாலேயே அக்குறி ஒரு நொடியில் புரிவதாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவை மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் படத்தோடு கூடிய எச்சரிக்கைக் குறி கட்டாயமாதல் வேண்டும். இரண்டாவதாக, குழந்தைகளைக் கவரும் வகையில் விற்கப்படும் பொருள்களில் குழந்தைகளின் வயதுக்குரிய விழுக்காடும், முழுப் பொட்டலத்துக்கான அளவும் இடம்பெறுதல் வேண்டும். மூன்றாவதாக, பொருள் விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் முதன்மை விவரங்கள் அச்சாதல் வேண்டும். நான்காவதாக, சிறு பொட்டலங்களுக்கு அட்டவணையிலிருந்து விலக்கு அளித்தாலும் எச்சரிக்கைக் குறியிலிருந்து விலக்கு அளிக்கலாகாது.

பள்ளிகளில் தொடக்கம் நிகழ்ந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிலும் விற்கலாகாது. 2025 மே திங்களில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு பணித்தது. எப்பானத்தில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை அப்பலகை காட்ட வேண்டும். பலகை பள்ளிச் சுவரில் நிற்கிறது. பொட்டலமோ கடைக்குச் செல்கிறது. பலகையில் உள்ளது பொட்டலத்திலும் இருந்தால், பள்ளி கற்பித்ததைக் கடை மறக்கச் செய்யாது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்பது தலைப்பு. அவ்வதிகாரம் பெரிதும் பேசுவது மருந்தைப் பற்றி அன்று. அளவறிந்து உண்ணுவதைப் பற்றியே. அளவறிந்து உண்ண வேண்டுமாயின் முதலில் அளவு தெரிய வேண்டும். போடிமெட்டுச் சாலையில் ஓட்டுநர்க்குக் கிடைக்கும் அந்த முன்னறிவிப்பு, அச்சாலையோரக் கடையில் பத்து ரூபாயோடு நிற்கும் குழந்தைக்கும் கிடைத்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

விவரச்சீட்டு – பொருளைப் பற்றிய செய்திகள் அச்சிட்ட தாள் அல்லது பகுதி
லயம் – தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு
பரிமாறல் – ஒருமுறை உண்ணும் அளவு
இலக்கு – குறி
வரைவு – முடிவு செய்யப்படாத முதல் வடிவம்
அவகாசம் – கூடுதலாகத் தரப்படும் காலம்

சிந்தித்து எழுதுக

1. மலைச்சாலையின் எச்சரிக்கைக் குறிக்குரிய மூன்று பண்புகள் யாவை?
2. பெரியவர்க்குரிய விழுக்காடு குழந்தைக்குப் பொருந்தாதது ஏன்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. விண்மீன் முறை, எச்சரிக்கைக் குறி முறை ஆகியவற்றுள் உனக்கு ஏற்புடையது எது? கட்டுரையின் கருத்தை மறுத்தும் எழுதலாம்.

செயல்பாடு

வீட்டில் உள்ள உணவுப் பொட்டலம் ஒன்றின் சீட்டைப் படித்து, முழுப் பொட்டலத்தில் உள்ள சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவைக் கணக்கிடுக. அதனைத் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர்க்குப் படித்துக் காட்டி, அவர் கூறும் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.